மாத மளிகையும் மஞ்சள் சீட்டுகளும்: மதுரை சூப்பர் மார்க்கெட் ஒன்றின் சலுகைகள் பற்றிய மதிப்பாய்வு

வைகையின் வடகரையில், நடுத்தரக் குடும்பங்கள் மாத மளிகைக்காக அதிகம் செல்லும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டின் விலைச் சலுகைகளைப் பற்றியது இந்த மதிப்பாய்வு. கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே நான் சுட்டிக்காட்டும் குறைகள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல, ஏறத்தாழ எல்லாப் பெரிய மளிகைக் கடைகளிலும் சலுகை இதே முறையில்தான் வழங்கப்படுகிறது என்பதே அதற்குக் காரணம். கடையின் சேவையைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. பருப்பு வகைகளில் கல்லும் தூசியும் இருப்பதில்லை, எடை சரியாக இருக்கிறது, பில்லில் தவறு நேர்ந்தால் வாதமின்றித் திருத்தித் தருகிறார்கள், வயதானவர்களின் பையை ஆட்டோ வரை தூக்கிவந்து வைக்கிறார்கள். விலையும் பொதுவாக நியாயமானது. ஆனால் ஒரு மளிகைக் கடையை மதிப்பிடும்போது, அது நமக்கு எவ்வளவு பணம் மிச்சப்படுத்துகிறது என்பதோடு, எந்தப் பொருளை வாங்கும்படி நம்மைத் தூண்டுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். அந்த இரண்டாவது கணக்கில் இந்தக் கடைக்கு என்னால் நல்ல மதிப்பெண் தர இயலவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்களின் அடுக்கு. அதன் மேல் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அட்டை தொங்குகிறது. ஒவ்வொரு ரேக்கின் முனையிலும், திரும்பும் இடத்தில் கைக்கு எட்டும் உயரத்தில், கிரீம் பிஸ்கட், உருளைக்கிழங்கு சிப்ஸ், நூடுல்ஸோடு தக்காளி சாஸ் சேர்த்த காம்போ பொதி ஆகியவை வைக்கப்பட்டிருக்கின்றன. சலுகை உள்ள பொருள்களைக் குறிக்க இந்தக் கடை மஞ்சள் சீட்டு ஒட்டுகிறது. அந்தச் சீட்டுகளை மட்டும் கவனித்துக்கொண்டே கடை முழுவதும் நடந்து பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகப் புலப்படும். பிஸ்கட், மிக்சர், சாக்லேட், ஊறுகாய், ஜாம், உடனடிக் கலவைகள், மால்ட் பானப் பொடிகள் உள்ள வரிசைகளில் மஞ்சள் சீட்டுகள் நெருக்கமாக இருக்கின்றன. கடையின் பின்புறத்தில் துவரம் பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு, கம்பு ஆகியவை உள்ள வரிசையில் நான் சென்றபோது ஒரு மஞ்சள் சீட்டும் இல்லை. முட்டைக்கு இல்லை. பாலுக்கு இல்லை. பழங்களில், மறுநாள் தாங்காது என்ற நிலையிலிருந்த வாழைப்பழச் சீப்புகளுக்கு மட்டும் இருந்தது.

இது கடைக்காரரின் கெட்ட எண்ணத்தால் நேர்வது அன்று. பருப்பில் கடைக்குக் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. அதைப் பொட்டலம் கட்டி விற்பதும் பெரும்பாலும் கடையே என்பதால், தள்ளுபடி கொடுத்தால் அது கடையின் சொந்தக் கையிலிருந்துதான் போக வேண்டும். பிஸ்கட்டின் கதை வேறு. அதற்கான தள்ளுபடியை, பிஸ்கட்டைத் தயாரிக்கும் நிறுவனமே பெரும்பாலும் ஏற்கிறது. ரேக்கின் முனை, நுழைவாயில், பணம் கட்டும் இடம் போன்ற நல்ல இடங்களில் பொருளை வைப்பதற்காக நிறுவனங்கள் கடைகளுக்குத் தனியாகப் பணமோ கூடுதல் கழிவோ தருவதும் இத்தொழிலில் வழக்கம். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், லாபம் கூடுதலாக உள்ள, விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்ட பொருளுக்கே சலுகை கிடைக்கிறது. இந்த மூன்று தகுதிகளும் ஒருங்கே அமைந்த உணவு பெரும்பாலும் மாவு, சர்க்கரை, எண்ணெய், உப்பு ஆகியவற்றால் ஆலையில் செய்யப்பட்டதாகவே இருக்கிறது. கீரைக்கு விளம்பரம் செய்யும் நிறுவனம் எதுவும் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. காலாவதித் தேதி நெருங்கிய சரக்கைத் தீர்ப்பதற்கும் இலவச இணைப்பு பயன்படுகிறது. ஆகவே இரண்டாவது பொட்டலத்தின் தேதியையும் திருப்பிப் பார்த்து வாங்குவது நல்லது.

சலுகை என்பது உண்மையில் மலிவுதானா என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். 300 கிராம் கிரீம் பிஸ்கட் பொதி ஒன்றின் விலை 80 ரூபாய். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அதாவது 600 கிராம் 80 ரூபாய், கிலோவுக்குச் சுமார் 133 ரூபாய். அதே கடையில், அதே நாளில், கறுப்புக் கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாயை ஒட்டி இருந்தது. பாதி விலைக்கு இறங்கிய பின்னும் பிஸ்கட், புரதமும் நார்ச்சத்தும் நிறைந்த கடலையைவிட விலை கூடுதலானதாகவே இருக்கிறது. ஊறவைத்தால் கடலை இரு மடங்காகும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இருந்தும் வாங்குபவரின் மனத்தில் மலிவு என்று பதிவது பிஸ்கட்தான். கடலையின் விலையை ஒப்பிட அருகில் இன்னொரு விலை எழுதப்படவில்லை, பிஸ்கட்டின் மேலோ வெட்டிய பழைய விலையும் பெரிதாக எழுதிய புதிய விலையும் இருக்கின்றன. சலுகை இல்லாவிட்டால் பிஸ்கட் வாங்கியே இருக்காத ஒரு வீட்டுக்கு, அந்த அட்டையால் 80 ரூபாய் கூடுதல் செலவுதான் ஏற்பட்டது.

இதை நான் வெறும் வீட்டுச் செலவுக் கணக்காகப் பார்க்காததற்குத் தமிழ்நாட்டின் உடல்நலப் புள்ளிவிவரங்களே காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023 ஜூனில் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள். நாட்டின் சராசரி 11.4 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டின் அளவு 14.4 விழுக்காடு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். அதே தெருவின் முனையில் உள்ள கடை, ஊறுகாயையும் அப்பளத்தையும் குளிர்பானத்தையும் இரண்டு இரண்டாகக் கொடுக்கிறது. அரசு தன் செலவில் குறைக்க முயலும் நோயின் காரணங்கள், மறுபுறத்தில் தள்ளுபடியில் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கின்றன.

இக்கடையின் சலுகைகளில் என்னை மிகவும் வருந்தச் செய்வது சர்க்கரைச் சலுகை. 1,500 ரூபாய்க்கு மேல் பில் போட்டால் ஒரு கிலோ சர்க்கரை 9 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று கவுண்டருக்கு மேலே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியில் சர்க்கரை கிலோ 45 ரூபாய் அளவில் விற்கும்போது, இதை வேண்டாமென்று சொல்லும் மனம் யாருக்கும் எளிதில் வராது. எனக்கு முன்னால் நின்ற ஒரு மூதாட்டி, பில் போடும் பெண்ணிடம், “ஏம்மா, வீட்ல ரெண்டு பேருக்கும் சுகர். இந்தச் சீனிக்குப் பதிலா பாசிப்பருப்பு குடுக்கக் கூடாதா?” என்று கேட்டார். “அப்படி மாத்த முடியாது பாட்டி, சிஸ்டத்துல சீனி மட்டுந்தான் இருக்கு. வேணாம்னா விட்ருங்க,” என்று அந்தப் பெண் மரியாதையாகவே சொன்னார். மூதாட்டி சற்று யோசித்துவிட்டு, “ஒம்பது ரூவாதானே, போடு. பேரப் பிள்ளைக வந்தா ஆகும்,” என்று வாங்கிக்கொண்டார்.

அவர் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. 36 ரூபாய் ஆதாயத்தை விட்டுவிட்டு வா என்று ஓய்வூதியத்தில் வாழும் ஒரு குடும்பத்திடம் யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த 36 ரூபாய்க்கு ஏறத்தாழ 300 கிராம் பாசிப்பருப்பைக் கடை தந்திருக்கலாம். கடைக்கு ஆகும் செலவு ஒன்றேதான், கணினியில் இன்னொரு பொருளின் குறியீட்டைச் சேர்ப்பது மட்டுமே கூடுதல் வேலை. உலகச் சுகாதார நிறுவனம், உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், 5 விழுக்காட்டுக்குள், அதாவது வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், நிறுத்துவது மேலும் நல்லது என்றும் கூறுகிறது. காப்பி, தேநீர், பிஸ்கட், இனிப்பு, குளிர்பானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த அளவு. இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில், வேறு எந்த வகையிலும் சர்க்கரை உள்ளே போகாவிட்டால்கூட, ஒரு கிலோ என்பது இருபது நாள் அளவு. நுழைவாயிலில் அடுக்கியிருக்கும் குளிர்பானத்தையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். இவ்வகைப் பானங்களில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருப்பது வழக்கம். இரண்டு லிட்டர் பாட்டிலில் 200 கிராம். இலவச பாட்டிலோடு 400 கிராம். மூடியைத் திறந்துவிட்டால் வாயு போய்விடும் என்பதால் ஒரே நாளில் தீர்த்துவிடுகிறோம், மறுநாள் இரண்டாவது பாட்டில் வீட்டிலேயே இருக்கிறது.

கூடுதலாக வாங்கினால் பல நாள் வைத்துப் பயன்படுத்துவோம், ஆகவே உடல்நலத்துக்குக் கேடு இல்லை என்று ஒரு வாதம் உண்டு. சோப்புக்கும் பற்பசைக்கும் அது பொருந்தும். தின்பண்டத்துக்குப் பொருந்துவதில்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார முகமை 2015இல் வெளியிட்ட சர்க்கரைக் குறைப்பு அறிக்கை, அந்நாட்டில் வீட்டுக்காக வாங்கும் உணவுக்கும் பானத்துக்கும் ஆகும் செலவில் சுமார் 40 விழுக்காடு சலுகைப் பொருள்களுக்கே போகிறது என்றும், சலுகைகள் இல்லாதிருந்தால் வாங்கியிருக்கும் அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே மக்கள் கூடுதலாக வாங்கினார்கள் என்றும் கண்டது. அதன் பின் பல ஆண்டு விவாதித்து, 2022 அக்டோபர் முதல் அங்கே பெரிய கடைகளில் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பொருள்களை நுழைவாயிலிலும் ரேக்கின் முனையிலும் பணம் கட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது என்று விதித்தார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், இரண்டின் விலையில் மூன்று போன்ற அளவுச் சலுகைகளை அப்பொருள்களுக்குத் தரக் கூடாது என்ற விதி, விலைவாசி உயர்வைக் காரணம் காட்டித் தள்ளிப்போடப்பட்டு, 2025 அக்டோபர் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. நேரடியாக விலையைக் குறைத்து விற்பதற்கு அங்கேயும் தடை இல்லை. ஒரு பொட்டலம் போதுமென்று வந்தவரை இரண்டு எடுக்கச் செய்வதைத்தான் அந்த விதி தடுக்கிறது. நம் கடையின் நுழைவாயிலையும் ரேக்கின் முனைகளையும் கவுண்டரையும் பார்த்துவிட்டு அந்த விதியைப் படித்தால், இதே தளவமைப்பை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியதுபோலத் தோன்றும்.

நம் நாட்டில் சலுகை தருவது கடை மட்டுமில்லை, அரசும் வரி வழியாகத் தருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றப்பட்டபோது, பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகவும், நூடுல்ஸ், மிக்சர், ஜாம் போன்றவற்றின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகவும் குறைந்தன. சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள் மட்டும் 40 விழுக்காட்டு விகிதத்தில் வைக்கப்பட்டன. பாதாம், பிஸ்தா போன்ற கொட்டைகளும் வெண்ணெயும் நெய்யும் 12இலிருந்து 5க்கு வந்தன. பொதியிலிட்ட பனீருக்கு வரி முற்றிலும் நீக்கப்பட்டது. வரவேற்க வேண்டியவை இவற்றில் உள்ளன. ஆனால் 2022 ஜூலை முதல், பொட்டலமிட்டுப் பெயர் அச்சிட்ட பருப்புக்கும் அரிசிக்கும் 25 கிலோ வரை 5 விழுக்காடு வரி இருந்துவருகிறது. ஆக இன்று, இந்தக் கடையின் அலமாரியில் உள்ள துவரம் பருப்புப் பொட்டலமும் கிரீம் பிஸ்கட் பொதியும் ஒரே வரி விகிதத்தில் நிற்கின்றன. அதே 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றிய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே, மிகையாகப் பதப்படுத்திய உணவுகளுக்குக் கூடுதல் வரி விதிப்பதைப் பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தது. கேரளம் 2016இல் பிராண்டட் உணவகங்களின் பீட்சா, பர்கர் வகைகளுக்கு 14.5 விழுக்காடு கொழுப்பு வரி விதித்துப் பார்த்ததும் நினைவிருக்கலாம். செப்டம்பரில் நடந்தது அதற்கு நேர்மாறானது.

வரிக் குறைப்பின் விளைவைக் கடையின் கவுண்டரிலேயே பார்க்க முடிகிறது. 5 ரூபாய், 10 ரூபாய்ப் பொட்டலங்கள் நம் ஊர் வியாபாரத்தின் முதுகெலும்பு. 5 ரூபாய்ப் பொட்டலத்தை 4 ரூபாய் 45 காசுக்கு விற்பது சில்லறைத் தொல்லை என்பதால், பல நிறுவனங்கள் விலையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எடையைக் கூட்டின. இதைச் சலுகை என்று அட்டையில் பெருமையாகவே அச்சிட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் எடையைப் பார்த்து வாங்குவார்கள், பாதியை எடுத்து வைப்பார்கள். குழந்தைக்கு அளவு என்பது ஒரு பொட்டலம். 5 ரூபாய் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கித் தின்னும் குழந்தை, நேற்றைவிடச் சில கிராம் கூடுதலாகத் தின்கிறது, அதைத் தானும் அறியாது, தாயும் அறியமாட்டார். விலையைக் குறைத்திருந்தால் அந்தக் காசாவது கையில் மிஞ்சியிருக்கும். வரிக் குறைப்பின் பயன் குழந்தையின் வயிற்றில் கூடுதல் மாவாகவும் எண்ணெயாகவும் போய்ச் சேருவதை உடல்நலத் துறை கவனிக்க வேண்டும்.

கவுண்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பில் போட நிற்கும் இடத்தில், நான்கைந்து வயதுக் குழந்தையின் கண் உயரத்தில், சாக்லேட்டுகளும் பொம்மை வைத்த இனிப்புப் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. மாதத் தொடக்கத்தில் வரிசை நீளும். தாய் பில்லைக் கவனிப்பார், குழந்தை அடுக்கைக் கவனிக்கும். பின்னால் நிற்பவர்களின் முன்னிலையில் அழும் குழந்தையை அடக்க எளிய வழி, கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2020இல் வெளியிட்ட பள்ளி உணவு விதிகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலோ பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ குழந்தைகளுக்கு விற்கக் கூடாது. பள்ளி வாசலில் குழந்தையைக் காக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஒரு நாட்டில், கவுண்டரின் கீழ் அடுக்கை வெறுமையாக விடும்படி கடைகளிடம் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. அந்த இடத்தில் கடலைமிட்டாய் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் வெல்லம் இருக்கிறது. நிலக்கடலைப் பொட்டலமோ வாழைப்பழமோ வைப்பது நல்லது, எதுவும் வைக்காமல் விடுவது இன்னும் நல்லது.

இனி, இந்தக் கடை சரியாகச் செய்யும் ஒன்றைப் பற்றி. வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, காய்கறிக்கும் பழத்துக்கும் விலையைக் குறைக்கிறார்கள். கிலோவுக்கு ஐந்து முதல் பத்து ரூபாய் வரை குறைகிறது. பார்வைக்குச் சிறிய தொகை, கணக்கிட்டால் பெரியது. நாளொன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பத்து வயதைக் கடந்த நால்வர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. கிலோவுக்கு 5 ரூபாய் குறைந்தால் மாதம் 240 ரூபாய் மிச்சம். எந்தப் பிஸ்கட் சலுகையாலும் ஒரு வீட்டுக்கு இவ்வளவு உண்மையான ஆதாயம் கிடைக்காது. காய்கறி வாங்கியே தீர வேண்டிய பொருள் என்பதால், இங்கே குறையும் ஒவ்வொரு ரூபாயும் மிச்சம்தான். அந்தச் சலுகை வாரத்தில் ஒரு நாளோடு நின்றுவிடுவதும், அதைச் சொல்லும் பலகை கடையின் பின்புறத்தில் எடை போடும் இடத்தில் மட்டுமே இருப்பதும்தான் குறை. செயலியிலும் குறுஞ்செய்தியிலும் மாதம் முதல் தேதியிலிருந்து சிப்ஸ், நூடுல்ஸ் சலுகைகள் வந்துகொண்டே இருக்கின்றன. புதன்கிழமைக் காய்கறியைப் பற்றி ஒரு செய்தியும் வந்ததில்லை.

மற்ற நாள்களில் காய்கறிக்கு நான் இந்தக் கடையைப் பரிந்துரைக்க மாட்டேன். 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது, இன்றும் நடக்கிறது. உழவர்கள் அடையாள அட்டையோடு நேரடியாக விற்கிறார்கள். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் அமையுமாறு ஒவ்வொரு நாளும் விலை தீர்மானிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. வெட்டிய பழைய விலை அந்தப் பலகையில் இல்லை, இலவசமும் இல்லை, வாங்குபவர் தனக்கு வேண்டியதை வேண்டிய அளவில் வாங்கிச் செல்கிறார். அதுவும் ஒரு விலைச் சலுகைதான், கத்தரிக்காய்க்கும் முருங்கைக்கீரைக்கும் கிடைக்கும் சலுகை. நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பும் அவ்வாறே. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தால், பருப்பு விலை எவ்வளவு ஏறினாலும் மாதம் ஒரு கிலோவாவது ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. அதே திட்டத்தில் 25 ரூபாய்க்குத் தரப்படும் பாமாயிலுக்குப் பதிலாக உள்நாட்டுக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ தரலாம் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. அது நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடைக்குச் செல்பவர்களுக்கு உதவும் மற்றொரு செய்தி, பொதிமேல் அச்சிட்டிருக்கும் ஓர் அலகுக்கான விலை. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொதிகளில் கிராமுக்கு இவ்வளவு, அதற்கு மேற்பட்டவற்றில் கிலோவுக்கு இவ்வளவு என்று எம்ஆர்பியோடு சேர்த்துக் குறிக்க வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. எழுத்து மிகச் சிறியது, மூக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். ஆனால் குடும்பப் பொதி என்று எழுதியிருக்கும் பெரிய பாக்கெட்டையும் சிறிய பாக்கெட்டையும் அந்த எண்ணை வைத்து ஒப்பிட்டால், பெரியது எப்போதும் மலிவு என்ற நம்பிக்கை சில பொருள்களில் தவறாக இருப்பதைக் காணலாம். பிராண்டட் பொருள்களுக்கும் கடையின் சொந்தப் பொட்டலத்துக்கும் இடையிலான வேறுபாட்டையும் இதனால் அறியலாம். உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்பதைப் பொதியின் முகப்பிலேயே காட்ட வேண்டும் என்ற முயற்சி மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. 2022இல் நட்சத்திரக் குறியீட்டு வரைவு வெளியானதிலிருந்து விவாதம் நடக்கிறது, உச்ச நீதிமன்றமும் தலையிட்டிருக்கிறது. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுதி என்று எச்சரிக்கும் கறுப்பு எண்கோண முத்திரை பொதியின் முன்புறத்திலேயே இருக்கிறது. அத்தகைய முத்திரை வந்த பின், இந்தக் கடையின் எத்தனை மஞ்சள் சீட்டுகள் கறுப்பு முத்திரைக்கு அருகில் ஒட்டப்பட்டிருக்கும் என்பதை யாரும் எளிதில் கணிக்கலாம்.

கடையின் மேலாளரிடம் இவற்றில் சிலவற்றை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சலுகைப் பட்டியல் மாதத்துக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து வருவதாகவும், ரேக்கின் முனையில் எதை வைப்பது என்பதும் அங்கேயே முடிவாவதாகவும், காய்கறி விலையும் கவுண்டரின் கீழ் அடுக்கும் மட்டுமே தம் பொறுப்பில் இருப்பதாகவும் சொன்னார். புதன்கிழமைப் பலகையை நுழைவாயிலுக்குக் கொண்டுவரலாம், ஒரு கவுண்டரையாவது சாக்லேட் இல்லாமல் வைத்துப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். சர்க்கரைக்கு மாற்றாகப் பருப்பையும் தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும் என்பதை எழுத்தாகக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே வாங்கும் மற்றவர்களும் ஒரு வரியாவது எழுதி ஆலோசனைப் பெட்டியில் போடும்படி வேண்டுகிறேன். பெட்டி வெளியே செல்லும் வழியில், பைகளைத் திரும்பப் பெறும் இடத்துக்கு வலப்புறம் இருக்கிறது.

பருப்பு, சிறுதானியம், மசாலாப் பொருள், துப்புரவுப் பொருள் ஆகியவற்றுக்கு இந்தக் கடை நல்லது. ஐந்துக்கு நான்கு தருவேன். சோப்பு, சலவைத்தூள் மீதான இலவச இணைப்புகளைத் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம். உணவுப் பொருள்களின் சலுகைக்கு, புதன்கிழமைக் காய்கறியையும் சேர்த்து, ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் தர முடியாது. புதன்கிழமை செல்வதானால் காலை பத்து மணிக்குள் போவது நல்லது. கீரைக் கட்டுகளும் நாட்டுக் காய்களும் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன, மாலையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும்தான் மிஞ்சியிருக்கும்.